வேலைக்கு அனுப்பலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அறிவுசார் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு என்ன செய்வது என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரு சிறப்புப் பள்ளியின் தொழிற்பயிற்சிப் பிரிவில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகனுக்கு 23 வயது. மிதமான அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழில் இருக்கிறது. 18 வயது வரை சிறப்புப் பள்ளி. அப்புறம் ஐந்து வருடமாக ஒரு பயிற்சி மையத்தில் மெழுகுவர்த்தி ஊற்றுகிறான், கவர் ஒட்டுகிறான். கேட்கும்போதெல்லாம் ‘இன்னும் வேலைக்குத் தயாராகவில்லை’ என்கிறார்கள். என் தம்பி மளிகைக் கடை வைத்திருக்கிறான். ‘என்கிட்ட அனுப்புக்கா’ என்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையை அனுப்பலாமா? கேலி செய்வார்களோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், திண்டுக்கல்

அனுப்புங்கள் அம்மா. ஐந்து வருடம் மெழுகுவர்த்தி ஊற்றியவனுக்கு மெழுகுவர்த்தி ஊற்றத்தான் வரும். ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய கஷ்டம். மையத்தின் மேசையில் பழகியது கடையின் மேசையில் உதவாது. முதலில் தயாராகட்டும், பிறகு வேலை பார்க்கலாம் என்று காத்திருந்தால் காலம்தான் போகும். வேலையில் சேர்த்துவிட்டு, அந்த இடத்திலேயே, அந்தத் தராசிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர், இவர்களால் எதுவும் முடியாது என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். வேலையைச் சின்னச் சின்ன அடிகளாகப் பிரித்தார். பேச்சைக் குறைத்தார். ஒருவருக்கு வரவில்லையென்றால் அவரைக் குறை சொல்லாமல் கற்றுக்கொடுக்கும் முறையை மாற்றினார். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தம்பி கடையில் துவரம்பருப்பு அரைக்கிலோ பொட்டலம் போடுவதை எடுத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு அது ஒரே வேலை. உங்கள் மகனுக்கு அது பத்துப் பன்னிரண்டு வேலை. கவர் அடுக்கிலிருந்து ஒரே ஒரு கவரை உரித்தெடுக்க வேண்டும் (பலர் தடுமாறுவது இங்கேதான், அடுக்கை முதலிலேயே விசிறிவிட்டு வைத்தால் சுலபம்). வாயை விரிக்க வேண்டும், அள்ளிப் போட வேண்டும், தராசில் வைக்க வேண்டும், கூடினால் எடுக்க வேண்டும், குறைந்தால் போட வேண்டும். 0.500 என்று அவனுக்குப் படிக்கத் தெரிய வேண்டாம். தராசின் திரைக்கு மேலே, அதே அளவில், அதே நிறத்தில், அந்த எண்ணை எழுதிய அட்டையை ஒட்டுங்கள். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்று போல வந்தால் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

இதிலும் ஒரு சிக்கல் வரும். திரையில் 0.502 என்று நிற்கும். இரண்டு கிராம் கூடினால் பரவாயில்லை என்பது நமக்குத் தெரியும். அவன் ஒவ்வொரு பருப்பாகப் பொறுக்கி வெளியே எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடைசி எண்ணின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி மறைத்துவிடுங்கள், அட்டையிலும் 0.50 மட்டும் இருக்கட்டும். பிரச்சினை தீர்ந்தது. சீலிங் மெஷினைக் கடைசியில் கற்றுக்கொடுக்கலாம். கை சுடும் பயம் ஒரு முறை வந்துவிட்டால் அந்தப் பக்கமே போக மாட்டான்.

முதல் சில வாரங்கள் யாராவது கூடவே நிற்க வேண்டும். முதலில் கையைப் பிடித்துச் செய்ய வைக்க வேண்டும். அப்புறம் விரலால் சுட்டினால் போதும், அதற்கப்புறம் ஒரு பார்வை போதும். பிறகு ஓரடி தள்ளி நிற்கலாம், கடைசியில் கடைக்கு வெளியே வந்துவிடலாம். இந்த விலகல்தான் பயிற்சியிலேயே கடினமான பகுதி. நின்று பழகியவர்களுக்கு விலக மனம் வராது. நீங்கள் போய் நிற்காதீர்கள் அம்மா. நீங்கள் இருந்தால் அவன் தராசைப் பார்க்க மாட்டான், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். மையத்தின் ஆசிரியர் ஒருவரைக் கேளுங்கள். முடியாதென்றால், வேறு வேலையில்லாமல் இருக்கும் பொறுமையான பட்டதாரிப் பெண்ணோ பையனோ உங்கள் தெருவிலேயே கிடைப்பார்கள்.

கேலியைப் பற்றிக் கேட்டீர்கள். வேலை தெரியாமல் வேலையை விட்ட பிள்ளைகளை நான் பார்த்தது குறைவு. வேலை நின்றுபோவது பெரும்பாலும் டீ நேரத்தில் நடக்கும் விஷயங்களால்தான். எல்லாரும் கூட்டமாக நிற்பார்கள், இவனுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. வடையை எடுத்துவிட்டுக் காசு கொடுக்காமல் வருவான். எவனாவது ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொடுத்து முதலாளியிடம் போய்ச் சொல்லச் சொல்வான். அதனால் டீ குடிப்பதையும் பாடமாகவே வையுங்கள். எந்தக் கடை, எந்தப் பெஞ்சு, எவ்வளவு காசு, குடித்துவிட்டு கிளாஸை எங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் பழக்குங்கள். கடையில் வேலை செய்பவர்களில் நிதானமான ஒருவரைப் பார்த்து, ‘அண்ணே, டீக்கு இவனைக் கூட்டிட்டுப் போங்க’ என்று பொறுப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒருவர் இருந்தால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள்.

தாய்மாமன் கடை என்பதற்காகச் சம்பளம் பேசாமல் விட்டுவிடாதீர்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே தேதியில், அவன் பெயரில் உள்ள கணக்கில் போடச் சொல்லுங்கள். அதில் ஒரு பங்கை அவன் கையால் எடுத்து, அவன் விருப்பத்துக்குச் செலவு செய்யட்டும்.

ஆத்தூர் பக்கம் பாக்கு மட்டைத் தட்டு செய்யும் சிறிய யூனிட் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கிராமத்தில் அறிவுசார் குறைபாடு உள்ள இரண்டு பெண்கள், 20, 25 வயது, வீட்டில் சும்மா இருக்கிறார்கள். வேலை கொடுக்க ஆசை. என்ன வேலை கொடுப்பது, என்ன சம்பளம், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?
— ஒரு தொழில்முனைவோர், சேலம் மாவட்டம்

நல்ல மனசு தம்பி, அதோடு நல்ல யூனிட்டும்கூட. மட்டையை ஊறவைப்பது, பிரஷ் போட்டுக் கழுவுவது, வடியவைப்பது, அச்சில் வைப்பது, ஓரம் வெட்டுவது, தரம் பார்ப்பது, எண்ணிக் கட்டுவது என்று வேலை ஏற்கெனவே துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. சூடான அச்சுப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம். கழுவுவதிலும் அடுக்குவதிலும் தொடங்குங்கள். 25 தட்டு எண்ணத் தெரியாது என்று கவலைப்படாதீர்கள். 25 தட்டின் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி செய்து, விளிம்பில் சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள். கோடு வரை வந்தால் ஒரு கட்டு. தட்டுக்குத் தட்டு கனம் கொஞ்சம் மாறும், அதனால் ஒவ்வோர் அளவுக்கும் தனிப் பெட்டி வேண்டும். உடைந்த தட்டு, கறை பிடித்த தட்டு, நல்ல தட்டு என்று மாதிரிக்கு ஒவ்வொன்றை ஆணியடித்துச் சுவரில் மாட்டுங்கள். பார்த்துப் பிரிப்பார்கள்.

பேசும்போது ஒரு நேரத்தில் ஒரே விஷயம் சொல்லுங்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ‘புரிஞ்சுது’ என்பார்கள். ‘செஞ்சு காட்டுமா’ என்று கேளுங்கள். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பதைவிட ‘இந்தக் கூடை முடிஞ்சதும் சாப்பாடு’ என்பது வேலை செய்யும். அப்புறம், மற்ற பெண்களை எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே இவர்களையும் கூப்பிடுங்கள். 25 வயதுப் பெண்ணைப் ‘பாப்பா’ என்று ஒருவர் கூப்பிட ஆரம்பித்தால், மற்றவர்களும் அவளைக் குழந்தையாகவே நடத்தத் தொடங்கிவிடுவார்கள்.

கூலி விஷயத்தில் தயக்கமே வேண்டாம். துண்டுக் கணக்கு என்றால் மற்றவர்களுக்குக் கட்டுக்கு எவ்வளவோ அதே தொகை. நாள் கூலி என்றால் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம். ‘இடம் கொடுத்ததே பெரிசு’ என்று பெற்றோர் சொன்னாலும் குறைக்காதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு அதன் சம்பள வரம்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக 25,000 ரூபாய். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும், சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்கச் சொல்கிறது. விபத்து நடந்தால் பொறுப்பு மற்ற தொழிலாளிக்கு எப்படியோ அப்படித்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அவர்கள் இருவரும் பெண்கள். யாராவது தொட்டால், தனியாகக் கூப்பிட்டால், ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்றால் உடனே யாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று ஒரு பெண் தொழிலாளியைக் காட்டி, பெயர் சொல்லி, முதல் நாளே பழக்குங்கள். கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். 34 வயது. ஒரு அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் எட்டு வருடமாக வேலை செய்கிறாள். நான்கைந்து மாதமாக வேலையில் மந்தம். உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறாள், யாரிடமும் பேசுவதில்லை. ‘சோம்பேறி ஆகிவிட்டாள்’ என்கிறார்கள். நிறுத்திவிடலாமா? என் மனைவி ஆறு மாதத்துக்கு முன் தவறிவிட்டாள். மகள் தாங்க மாட்டாள் என்று ‘அம்மா ஊருக்குப் போயிருக்கா’ என்று சொல்லி வைத்திருக்கிறோம்.
— ஒரு தந்தை, மதுரை

ஐயா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவள் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லாமலே அம்மா போய்விட்டார், போன் கூடச் செய்யவில்லை, தன்மேல் கோபமோ என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம். வீட்டில் எல்லோரும் அழுததையும், புடவைகள் பீரோவிலிருந்து போனதையும் அவள் பார்த்திருக்கிறாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

சொல்லிவிடுங்கள். அவளுக்குப் பிடித்த ஒருவர் பக்கத்தில் இருக்கும் நாளில், அடுத்த நாள் வேலை இல்லாத நாளில், நேராகச் சொல்லுங்கள்: ‘அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியாமப் போச்சு. அம்மா செத்துட்டாங்க. இனிமே வர மாட்டாங்க. உன்மேல கோபம் இல்ல.’ தூங்குகிறார், சாமி கூப்பிட்டுக்கொண்டார் என்றெல்லாம் சொல்லாதீர்கள். அப்புறம் தூங்கப் பயப்படுவாள், கோயிலுக்குப் போகப் பயப்படுவாள். அழுவாள், அழட்டும். அடுத்த வாரம் மறுபடி ‘அம்மா எப்ப வருவாங்க’ என்று கேட்பாள். அதே வார்த்தைகளில், அதே அமைதியோடு மறுபடி சொல்லுங்கள். படத்தை எடுத்து மாட்டுங்கள், மாலை போடும் வேலையை அவளிடம் கொடுங்கள். வருஷ திதிக்கு அவளும் உட்காரட்டும். அம்மாவின் புடவை ஒன்று மிச்சமிருந்தால் அது அவளுக்குத்தான்.

கூடவே உடம்பையும் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவது மிகச் சாதாரணம். மந்தம், தூக்கம், உடல் பருமன், மலச்சிக்கல் எல்லாமே அதன் அடையாளங்கள்தான். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் சரியாகிவிடும். வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டியது இது. இரவில் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் எத்தனை மணி நேரம் படுத்தாலும் பகலில் தூங்கித்தான் விழுவாள். காது, கண் இரண்டையும் காட்டுங்கள். இவர்களுக்குக் காதுக்குழாய் குறுகலாக இருப்பதால் அழுக்கு அடைத்துக் கேட்காமல் போவது அடிக்கடி நடக்கும், கண்புரையும் சீக்கிரமே வரலாம். 40 வயதை நெருங்கும்போது மறதி நோயின் ஆரம்பத்தையும் மருத்துவர்கள் யோசிப்பார்கள். ஆனால் இப்போது சொன்னவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அந்தப் பேச்சு.

வேலையை நிறுத்தாதீர்கள். அம்மாவும் போய், வேலையும் போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? அச்சக முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, இரண்டு மாதம் அரை நாள் வேலை கேளுங்கள். எட்டு வருடம் பார்த்தவர், மறுக்க மாட்டார்.

நாங்கள் இருவரும் 70ஐத் தாண்டியவர்கள். நான் மத்திய அரசு ஓய்வூதியர். மகனுக்கு 36 வயது, ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. ஒரு நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலை, மாதம் 7,000 ரூபாய். வேலைக்குப் போனால் எங்களுக்குப் பிறகு அவனுக்குப் பென்ஷன் கிடைக்காது என்கிறார் ஒரு நண்பர். பாதுகாவலர் சான்றிதழ் வாங்க வேண்டுமா?
— திருச்சி வாசகர்

நண்பர் சொன்னதை நம்பி வேலையை விடச் சொல்லாதீர்கள். மத்திய அரசு 2021இல் குடும்ப ஓய்வூதியத்துக்கான வருமான வரம்பைத் தளர்த்திவிட்டது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் மொத்த வருமானம், உங்கள் கடைசிச் சம்பளத்தின் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குக் குறைவாக இருந்தால் வாழ்நாள் குடும்ப ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 7,000 ரூபாய் தடையாக இருக்க வாய்ப்பில்லை. மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பித்து, நீங்கள் இருக்கும்போதே அவன் பெயரை ஓய்வூதிய ஆணையில் ஏற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டவர்களின் பிள்ளைகள் பிறகு அலைகிற அலைச்சல் கொஞ்சமல்ல.

பாதுகாவலர் விஷயம்: 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள 18 வயது கடந்தவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். வங்கிகளும் அந்தச் சான்றிதழை ஏற்க வேண்டும். உங்களுக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே யோசியுங்கள். பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் தர வேண்டும், வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பொறுப்புக்குச் சம்மதிக்கும் ஆளாக இருக்க வேண்டும். சான்றிதழ் வந்துவிட்டது என்பதற்காக அவன் எந்தச் சட்டை போடுவது, விடுமுறைக்கு எங்கே போவது என்பதையெல்லாம் வேறு ஒருவர் முடிவு செய்யக் கூடாது. 2016 சட்டம் கேட்பதும் அவனோடு கலந்து முடிவெடுப்பதைத்தான்.

எனக்கு 22 வயது. டிஸ்லெக்சியா, அதாவது எழுதுவதும் படிப்பதும் கஷ்டம். இந்தக் கடிதத்தை என் தங்கை எழுதித் தருகிறாள். டூ வீலர் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக். இன்ஜினை நன்றாகப் பிரிப்பேன். ஜாப் கார்டு எழுதுவதில்தான் மாட்டிக்கொள்கிறேன். வண்டி எண்ணை மாற்றி எழுதித் திட்டு வாங்குகிறேன். இதை முதலாளியிடம் சொல்லலாமா?
— கோவை

சொல்லுங்கள் தம்பி. ஆனால் வெறுமனே ‘எனக்கு எழுத வராது’ என்று சொல்லாமல், வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டி எண்ணைக் கையால் எழுத வேண்டாம், நம்பர் பிளேட்டையும் கிலோமீட்டர் மீட்டரையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வேலை விவரத்தைக் குரல் பதிவாகச் சொல்லலாம். போனில் தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது, வந்த செய்தியைப் படித்துக் காட்டும் வசதியும் இருக்கிறது. எண்களைப் படிக்கும்போது நான்கையும் சேர்த்துப் பார்க்காமல் இரண்டிரண்டாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

டிஸ்லெக்சியா அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. அரசு மருத்துவமனையில் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் கிடைத்தால், அரசு வேலையில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநலப் பாதிப்பு உள்ளவர்களோடு சேர்த்து ஒதுக்கப்பட்ட 1 சதவீதத்துக்கும் விண்ணப்பிக்கலாம். தங்கைக்கு என் அன்பு.

என் அக்காவுக்கு அறிவுசார் குறைபாடு. 29 வயது. ஓட்டுப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ‘இவளுக்கு எதுக்கு ஓட்டு’ என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.
— தஞ்சாவூர் வாசகி

அவளுக்கு ஓட்டு உண்டு. மனநிலை சரியில்லை என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் பெயர் பட்டியலில் இடம்பெறாது. மருத்துவச் சான்றிதழோ பாதுகாவலர் சான்றிதழோ அதைப் பறிக்காது. பெயர் இல்லையென்றால் படிவம் 6 கொடுத்துச் சேருங்கள்.

வீட்டில் அட்டையில் ஒரு மாதிரி இயந்திரம் வரைந்து பழக்குங்கள். படம், சின்னம், பக்கத்தில் நீலப் பொத்தான். அழுத்தினால் விளக்கு எரியும், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு ஏழு விநாடி தெரிந்து விழும். யாருக்குப் போட வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காதீர்கள். தேர்தல் செய்திகளை அவளோடு சேர்ந்து பாருங்கள், கேட்டால் விளக்குங்கள், முடிவை அவளிடம் விட்டுவிடுங்கள். தானாகப் பொத்தானை அழுத்த முடியாத அளவுக்கு இயலாமை இருந்தால், வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் அனுமதியோடு 18 வயது நிரம்பிய ஒருவர் துணைக்குப் போகலாம். அவர் ரகசியம் காப்பதாக எழுதித் தர வேண்டும், அன்று வேறு யாருக்கும் துணைபோகவும் கூடாது. உங்கள் அக்காவுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு வரிசையில் முன்னுரிமை உண்டு. வாக்காளர் அட்டையோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள்.